குளிர்கால ஓட்டத்துக்கு எடை குறைந்த ஜாக்கெட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

லண்டன், டொராண்டோ, ஆஸ்லோ என்று குளிர் ஊர்களில் ஓடும் நம்மவர்கள் நவம்பர் பிறந்ததும் கேட்கத் தொடங்கும் கேள்வி இது: மழைக்கும் குளிருக்கும் தாங்கக்கூடிய, கனமில்லாத ஜாக்கெட் எதை வாங்குவது? கடைக்குப் போனால் முழு வாட்டர்ப்ரூஃப் என்று எழுதிய ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். விலையும் 150, 200 பவுண்டு இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் ஓடிவிட்டு வந்து கழற்றினால் உள்ளே போட்டிருந்த சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். ஜாக்கெட் ஒழுகுகிறது என்று பலர் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். பெரும்பாலும் அது ஒழுகியிருக்காது. நனைத்தது வியர்வை.

ஓடுபவரின் ஜாக்கெட்டுக்கு மூன்று வேலை உண்டு. வியர்வை ஆவியை வெளியே விட வேண்டும், காற்றைத் தடுக்க வேண்டும், மழையைத் தடுக்க வேண்டும். மூன்றையும் குறையில்லாமல் செய்யும் துணி இன்னும் வரவில்லை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். ஊருக்குள் ஒரு மணி நேரம் ஓடுகிற பெரும்பாலோருக்கு இந்த மூன்றும் நான் சொன்ன வரிசையில்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. மழை கடைசியில்தான் வரும். மலையில் ஓடுபவருக்கு மட்டும் அது முதலிடத்துக்கு வந்துவிடும். உங்கள் வரிசை எது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பாதிப் பணம் மிச்சமாகும்.

உள்ளே ஏன் நனைகிறது?

70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 700 கலோரி செலவாகும். அதில் முக்கால் பங்கு வெறும் சூடாகத்தான் வெளியேறுகிறது. அந்தச் சூட்டைத் தணிக்க உடல் வியர்க்கிறது. கொஞ்சம் கூடுதலாக உடுத்திக்கொண்டு ஓடினால் குளிர்காலத்திலும் மணிக்கு அரை லிட்டர் வியர்வை வருவது சாதாரணம்.

இப்போது ஜாக்கெட் பக்கம் வருவோம். ஆவி விடும் திறன் 10,000 கிராம் என்று லேபிளில் இருந்தால், ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் அவ்வளவு ஆவியை விடும் என்று பொருள். ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 400 கிராம் சொச்சம். அதுவும் சோதனைக் கூடத்தில், வெப்பமும் ஈரமும் துணிக்குச் சாதகமாக இருக்கும்போது. ஒரு ஜாக்கெட்டின் பரப்பு ஒரு சதுர மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். 4 டிகிரி குளிரில், வெளித்துணி மழையில் ஊறியிருக்கும்போது அந்த 400 கிராமில் ஒரு பகுதிதான் நடக்கும். மீதி ஆவி, இட்லிப் பானை மூடியின் உட்புறம் போல, குளிர்ந்த துணியில் பட்டு நீராகக் கோத்துக்கொள்ளும். முழங்கைக்குக் கீழே இதை நன்றாகக் கவனிக்கலாம். கை மடங்கியபடி ஆடுவதால் முன்கையில் கோத்த நீர் முழங்கை மடிப்பில் தேங்கும். சிக்னலில் நின்று கையைத் தொங்கப் போட்டதும் அது மணிக்கட்டு வழியாக வடிந்து கையுறைக்குள் இறங்கும்.

மலையேறுபவர் போடும் கெட்டியான மழை ஜாக்கெட் ஓட்டத்துக்கு ஆகாது என்று சொல்வதற்குக் காரணமும் இதுதான். அது மெதுவாக நடப்பவருக்காக, அடிக்கடி நிற்பவருக்காகத் தைத்தது.

படி 1: உங்கள் ஊர்க் குளிர் எந்த வகை?

எல்லாக் குளிரும் ஒன்றில்லை. லண்டனில் ஜனவரிப் பகல் 8 டிகிரியை ஒட்டியும் இரவு 2, 3 டிகிரியிலும் இருக்கும். பனி அபூர்வம். தூறலும் ஈரக் காற்றும்தான் தினப்படி. மான்செஸ்டர், கிளாஸ்கோ பக்கம் மழை இன்னும் அதிகம். டொராண்டோவில் ஜனவரிச் சராசரியே பூஜ்யத்துக்குக் கீழே. அங்கே விழுவது பெரும்பாலும் பனி. அது ஜாக்கெட்டில் விழுந்தால் தட்டிவிடலாம்.

கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் ஓடுபவருக்கு இரண்டில் கடினமானது லண்டன் குளிர்தான். மைனஸ் 10 டிகிரியில் மழை கிடையாது. காற்றை மட்டும் தடுத்தால் போதும். அந்தக் காற்றை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது: கனடாவின் காற்றுக்குளிர்க் கணக்குப்படி மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 20. அந்தக் கணக்கு மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும் என்று அந்நாட்டு வானிலைத் துறை எச்சரிக்கிறது. அப்படிப்பட்ட நாளில் வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் போட்டால் வியர்வை உட்புறத்தில் உறைபனியாகப் படியும். நின்றதும் அது உருகிச் சட்டையை நனைக்கும். வறண்ட கடுங்குளிருக்குக் காற்றைத் தடுத்து ஆவியை விடும் மெல்லிய ஜாக்கெட்டே சரி.

பூஜ்யத்திலிருந்து 6 டிகிரி வரை, மழையும் காற்றும் சேர்ந்து வரும் நாள்தான் ஆபத்தானது. நனைந்த துணி உடல் சூட்டை வேகமாக உறிஞ்சும். 2018 ஏப்ரல் 16 அன்று நடந்த பாஸ்டன் மாரத்தானை இதற்கு உதாரணமாகப் பார்க்கலாம். 3, 4 டிகிரி குளிர், கொட்டும் மழை, முகத்துக்கு நேராகப் பலத்த எதிர்க்காற்று. முன்னணி வீரர்கள் பலர் பாதியில் விலகினார்கள். பெண்கள் பிரிவில் வென்ற டெஸ் லிண்டன் மெல்லிய ஜாக்கெட்டைக் கழற்றாமலேயே எல்லைக்கோட்டைத் தாண்டினார். அந்தப் பட்டம் ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு 33 ஆண்டுக்குப் பிறகு கிடைத்தது. ஆண்கள் பிரிவில் வென்றவர், முழுநேர வேலை பார்த்துக்கொண்டே ஓடிய ஜப்பானியர் யூகி கவாவுச்சி.

அதைவிடக் கொடுமையானது 2021 மே 22. சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் நடந்துகொண்டிருந்தபோது உயரத்தில் திடீரென ஆலங்கட்டி மழையும் சூறைக்காற்றும் அடித்தன. ஓடிய 172 பேரில் 21 பேர் இறந்துபோனார்கள். காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் அந்தப் போட்டியில் கட்டாயப் பொருளாக இல்லை, பரிந்துரையாக மட்டுமே இருந்தது. அது நடந்தது குளிர்காலத்தில்கூட இல்லை. மலைக்குப் போகிறவர்கள் பையில் ஜாக்கெட்டை மடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

(சென்னையில் மார்கழிக் காலையில் ஓடுபவர்கள் இந்தக் கட்டுரையை வைத்துச் செலவு செய்ய வேண்டாம். 22, 23 டிகிரியில் மழை பெய்தால் நனைந்துகொண்டே ஓடுவதுதான் உடம்புக்குச் சௌகரியம்.)

படி 2: எவ்வளவு நேரம், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். சனிக்கிழமை காலை பூங்காவில் எல்லோரும் சேர்ந்து ஓடும் 5 கிலோமீட்டர் பார்க்ரன் ஓடுபவர் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சுடுநீரில் குளிக்கலாம். அவர் நனைந்தால் பெரிய பாதகம் இல்லை. காற்றைத் தடுக்கும் 100 கிராம் ஜாக்கெட் அவருக்குத் தாராளம்.

வசந்தகால மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர் ஞாயிறுதோறும் இரண்டரை, மூன்று மணி நேரம் மழையில் இருப்பார். கடைசி ஒரு மணி நேரம் வேகம் குறையும், உடல் சூடும் குறையும். அவருக்கு நல்ல வாட்டர்ப்ரூஃப் ஒன்று தேவை.

மலைப்பாதையில் ஓடுபவருக்குத் தேர்வே கிடையாது. கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டால், உதவி வரும்வரை உடல் சூட்டைக் காப்பாற்றப்போவது அந்த ஜாக்கெட்தான். தலைமூடி இருக்க வேண்டும், ஊசித் துளை வழியாக நீர் கசியாமல் தையல் முழுவதும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். பிரிட்டனின் குன்று ஓட்டப் போட்டிகளிலும் இதையேதான் கேட்கிறார்கள். மோன் பிளாங் மலையைச் சுற்றி ஓடும் யுடிஎம்பி போட்டியில் 10,000 ஷ்மெர்பர் நீர்த்தாங்கு திறனும் 13க்குக் குறைவான ஆர்ஈடி எண்ணும் பரிந்துரைக்கப்படுகின்றன. இந்த எண்களைக் கொஞ்சம் கீழே விளக்குகிறேன்.

படி 3: மூன்று வகையில் உங்களுடையது எது?

முதல் வகை காற்றுத் தடுப்பு ஜாக்கெட். நெருக்கமாக நெய்த மெல்லிய நைலான், உள்ளே மழையைத் தடுக்கும் சவ்வு எதுவும் இருக்காது. 60 முதல் 120 கிராம். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். துணியின் மேல் நீர்விரட்டிப் பூச்சு இருப்பதால் தூறலை 15, 20 நிமிடம் தாங்கும். அப்புறம் நனையும். ஆனால் சீக்கிரம் காயும். படாகோனியாவின் ஹூடினி இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். டெக்கத்லானில் இதே வேலையைச் செய்யும் ஜாக்கெட் மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். முதன்முதலாக வாங்குபவர் அங்கேயே தொடங்கலாம்.

இரண்டாவது, நீரைக் கொஞ்சம் தாங்கும் சாஃப்ட்ஷெல் வகை. நெளியும், உடம்போடு ஒட்டும், கதகதப்பாக இருக்கும். மைனஸ் குளிரில் நன்றாக உழைக்கும். கழற்றினால் பையில் வைக்க இடம் பிடிக்கும் என்பது இதன் குறை. டொராண்டோ, மாண்ட்ரியால் பக்கம் இருப்பவர்கள் மட்டும் இதைப் பாருங்கள்.

மூன்றாவது, உண்மையான வாட்டர்ப்ரூஃப். உள்ளே மெம்பிரேன் எனும் சவ்வு, எல்லாத் தையலிலும் டேப். ஓட்டத்துக்கானவை 120 முதல் 250 கிராம் வரை இருக்கும். 300 கிராமைத் தாண்டினால் அது மலையேற்ற ஜாக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? ஊருக்குள் ஓடுபவர் முதல் வகையை வாங்குங்கள். வாரத்தில் நாலு நாள் ஓடினால் நாலு நாளும் அது உதவும். வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் அடைமழை நாளுக்கு மட்டும்தான் வெளியே வரும். இரண்டும் வாங்க வசதி இருந்தால், காற்றுத் தடுப்பை மலிவாக வாங்கிவிட்டு மிச்சப் பணத்தை வாட்டர்ப்ரூஃபில் போடுங்கள். காற்றுத் தடுப்பில் மலிவுக்கும் விலைக்கும் வித்தியாசம் குறைவு. வாட்டர்ப்ரூஃபில் அது மிக அதிகம்.

படி 4: லேபிளில் இருக்கும் எண்களைப் படிப்பது

நீர்த்தாங்கு திறனை மில்லிமீட்டரில் சொல்வார்கள். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி நீரை நிரப்பினால் எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை கசியாமல் தாங்குகிறது என்பது அந்த எண். ஷ்மெர்பர் என்று ஐரோப்பியர் எழுதுவதும் இதே அளவுதான். 10,000 என்றால் 10 மீட்டர் உயர நீரின் அழுத்தம். விழும் மழைத்துளிக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. பைவார் தோளை அழுத்தும் இடத்தில்தான் கூடுதலாகத் தேவைப்படும். முதுகில் பை இல்லாமல் ஓடுபவர் 20,000 என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆவி விடும் திறன் கிராமில் இருந்தால் சற்று எச்சரிக்கையாக இருங்கள். இதை அளக்கப் பல சோதனை முறைகள் உண்டு. ஒரே துணி ஒரு முறையில் 8,000 என்றும் இன்னொரு முறையில் 20,000 என்றும் வரக்கூடும். எந்த முறை என்று லேபிளில் எழுதுவது குறைவு. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஜாக்கெட்டுகளை ஒப்பிட மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

ஆர்ஈடி என்ற எண் கிடைத்தால் அதையே நம்புங்கள். ஆவி வெளியேறுவதைத் துணி எவ்வளவு எதிர்க்கிறது என்பதை வியர்க்கும் தோல் போன்ற சூடான தட்டின் மேல் வைத்து அளக்கிறார்கள். எதிர்ப்பு குறைவாக இருப்பது நல்லது. 6க்குக் கீழே இருந்தால் மிக நன்று, வேகமாக ஓடலாம். 6 முதல் 13 வரை நல்லது. 13 முதல் 20 வரை நடப்பதற்குச் சரி, ஓடினால் புழுங்கும். 20க்கு மேல் ஓட்டத்துக்கு வேண்டாம்.

படி 5: சவ்வும் அடுக்கும், அதோடு ஒரு புதிய மாற்றமும்

1969ல் அமெரிக்காவின் பாப் கோர் என்பவர் பிடிஎஃப்ஈ என்ற பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்து நீட்டினார். அது நுண்துளை நிறைந்த சவ்வாக மாறியது. துளிநீர் நுழைய முடியாது, ஆவி வெளியேறும். அதுதான் கோர்டெக்ஸ். இன்று பெர்டெக்ஸ் ஷீல்டு, ஈவென்ட் என்று வேறு பெயர்களிலும் சவ்வுகள் உண்டு. பல நிறுவனங்கள் சொந்தமாகவும் செய்கின்றன.

இந்தச் சவ்வைத் துணியோடு ஒட்டும் விதத்தை இரண்டரை அடுக்கு, மூன்று அடுக்கு என்பார்கள். இரண்டரை அடுக்கில் சவ்வின் உட்புறம் மெல்லிய பூச்சு மட்டும் இருக்கும். எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் வியர்த்ததும் வெறும் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். மூன்று அடுக்கில் உள்ளே ஒரு மெல்லிய வலைத்துணி இருக்கும். 30, 40 கிராம் கூடுதலாகும், ஆனால் தோலில் ஒட்டாது, நீண்ட நாள் உழைக்கும். வாரம் ஒரு தடவைக்கு மேல் மழையில் ஓடுபவர் மூன்று அடுக்கையே எடுக்க வேண்டும்.

இனி நீர்விரட்டிப் பூச்சு. புது ஜாக்கெட்டின் தோளில் மழை விழும்போது பாருங்கள்: ஒவ்வொரு துளியும் முத்தாகத் திரண்டு உருண்டோடும். துணி வறண்டே இருக்கும். பூச்சு தேய்ந்தபின் அதே தோளில் துளி விழுந்ததும் பரவும், துணி கருத்துப்போகும், அந்தக் கறுப்பு மெல்ல மார்புப் பக்கம் இறங்கும். உள்ளே இருக்கும் சவ்வு இன்னும் நீரைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வெளித்துணி நீரைக் குடித்துவிட்டதால் ஆவி வெளியேற வழியில்லை, துணியும் ஜில்லென்று தோலைத் தொடும். விலையுயர்ந்த ஜாக்கெட் இரண்டாவது குளிர்காலத்தில் கைவிடுவதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் சந்திப்பது இதைத்தான்.

இந்தப் பூச்சு நெடுங்காலம் பிஎஃப்ஏஎஸ் எனும் ஃபுளோரின் வேதிப்பொருட்களால் செய்யப்பட்டது. அவை மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடும். அதனால் கலிஃபோர்னியா 2025 முதலும் பிரான்ஸ் 2026 முதலும் ஆடைகளில் அவற்றைப் பெருமளவு தடை செய்திருக்கின்றன. கோர் நிறுவனமும் 2022 முதல் ஃபுளோரின் இல்லாத பாலிஎதிலீன் சவ்வுக்கு மாறி வருகிறது. இது நல்ல மாற்றம், இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: புதிய பூச்சு நீரை விரட்டும், எண்ணெயை விரட்டாது. தோல் எண்ணெய், சன்ஸ்கிரீன், வியர்வை உப்பு படிந்தால் சீக்கிரம் வேலையை நிறுத்திவிடும். அடிக்கடி துவைக்க வேண்டும்.

பழையதாக ஷேக்ட்ரை என்ற பெயரில் யாராவது விற்றால் விசாரித்து வாங்கலாம். சவ்வே வெளிப்புறமாக இருக்கும் துணி அது. ஊறுவதற்கு வெளித்துணியே கிடையாது. தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பைவார் உரசினால் தேயும் என்பதால் தோள் பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

படி 6: ஸிப், தலைமூடி, கை, வால்

துணியை விட இந்தச் சின்ன விஷயங்களே ஓட்டத்தில் அதிகம் தொந்தரவு செய்யும், அல்லது காப்பாற்றும்.

முன்பக்க ஸிப் முழு நீளம் இருக்கட்டும். பாதி ஸிப் வைத்தால் 15 கிராம் குறையலாம், ஆனால் ஏற்றத்தில் சூடானதும் திறந்துவிட வழியிருக்காது. எவ்வளவு நல்ல சவ்வாக இருந்தாலும் திறந்த ஸிப் அளவுக்கு ஆவியை விடாது. மார்பில் ஒரு பொத்தானோ கொக்கியோ இருந்தால் ஸிப்பை முழுக்கத் திறந்துவிட்டு அதை மட்டும் மாட்டிக்கொண்டு ஓடலாம், ஜாக்கெட் படபடக்காது. கையுறை போட்ட விரலால் பிடிக்கும்படி ஸிப்பில் கயிறு இருக்கிறதா என்று பாருங்கள். குளிரில் விரல் மரத்துப்போனால் சின்ன இரும்பு நாக்கைப் பிடிக்கவே முடியாது.

தலைமூடியைப் போட்டுக்கொண்டு தலையை இடமும் வலமும் திருப்புங்கள். மூடியும் கூடவே திரும்ப வேண்டும். முகம் மட்டும் மூடிக்குள் திரும்பினால் பக்கவாட்டில் வரும் கார் தெரியாது, அதை வாங்காதீர்கள். நெற்றிக்கு மேல் விறைப்பான விளிம்பு இருந்தால் கண்ணாடி போடுபவர்களுக்குப் பெரிய உதவி. விளிம்பு இல்லையென்றால் உள்ளே ஒரு தொப்பி போட்டுச் சரிக்கட்டலாம். நீளமான முடி உள்ளவர்கள் கொண்டையோ பின்னலோ போட்டபடியே போட்டுப் பார்க்க வேண்டும். பல தலைமூடிகள் அதற்கு இடம் விடுவதில்லை. பயன்படுத்தாதபோது சுருட்டிக் கட்ட வழி இருக்கிறதா என்பதும் முக்கியம். இல்லையென்றால் எதிர்க்காற்றில் முதுகில் அடித்துக்கொண்டே இருக்கும்.

கை நீளம் மணிக்கட்டைத் தாண்டி ஒரு விரற்கடையாவது இருக்கட்டும். இரண்டு கையையும் உயர்த்தினால் இடுப்பு தெரியக் கூடாது. பின்பக்கம் சற்று இறங்கியிருந்தால் சேறு முதுகில் அடிக்காது. பெண்களுக்குத் தனி வெட்டு இருக்கும் ஜாக்கெட்டையே பாருங்கள். ஆண்களுக்கான சின்ன அளவு தோளில் தொளதொளவென்றும் இடுப்பில் இறுக்கமாகவும் இருக்கும், ஓடும்போது மேலே ஏறிக்கொண்டே வரும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. டிசம்பரில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பளீர் மஞ்சள் பகலில்தான் கண்ணில் படும். இரவில் கார் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பட்டைகளே தேவை. அவை முதுகில் மட்டும் இல்லாமல் கைகளிலும் இருந்தால், ஆடும் அசைவைப் பார்த்து ஓட்டுநர் இது ஆள் என்று சட்டெனப் புரிந்துகொள்வார்.

படி 7: உள்ளே என்ன போடுவது

ஜாக்கெட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே பருத்திப் பனியன் போட்டால் எல்லாம் வீண். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி போடுங்கள். மழை நாளுக்கு வலை போன்ற ஓட்டைத் துணியில் நார்வேக்காரர்கள் போடும் உள்ளாடை அருமையானது. ஈரத் துணி தோலில் நேரடியாகப் படாமல் இடைவெளி விடும்.

எனக்குப் பொருந்தும் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் உடம்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 8 டிகிரிக்கு மேல், மழை இல்லையென்றால் முழுக்கைச் சட்டை மட்டும், ஜாக்கெட் வேண்டாம். 3 முதல் 7 டிகிரியில் வறண்ட காற்று என்றால் அதே சட்டைக்கு மேல் காற்றுத் தடுப்பு. அதே குளிரில் விடாத மழை என்றால் மெல்லிய சட்டையும் வாட்டர்ப்ரூஃபும்; இங்கே தடித்த சட்டை போடுவதுதான் பலரையும் வியர்வையில் நனைக்கிறது. பூஜ்யத்திலிருந்து மைனஸ் 10 வரை மெல்லிய ஃப்ளீஸ் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு காற்றுத் தடுப்பு. வாசலில் நிற்கும்போது கொஞ்சம் நடுங்க வேண்டும். அங்கேயே கதகதப்பாக இருந்தால் இரண்டாவது கிலோமீட்டரில் வேர்த்துக் கொட்டும்.

மலையில் இருந்தால் நடுங்கத் தொடங்கும் முன்பே ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள். பேச்சு குழறுவது, விரலால் ஸிப்பை இழுக்க முடியாமல் போவது ஆகியவை உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குவதன் அடையாளம். அப்போது பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளக் கையே ஒத்துழைக்காது.

படி 8: வாங்கும் நாள்

ஓடும்போது போடும் சட்டையையும், பை மாட்டுபவர்கள் பையையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடையிலேயே நின்ற இடத்தில் ஓடுங்கள், கூச்சப்பட வேண்டாம். துணி மொரமொரவென்று சத்தம் போடுகிறதா? இரண்டு மணி நேரம் அந்தச் சத்தத்தைக் காதருகே கேட்க முடியுமா? தாடை ஸிப்பில் உரசுகிறதா? உட்புறத்தைத் திருப்பி எல்லாத் தையலிலும் டேப் ஓடுகிறதா என்று பாருங்கள். தோளில் மட்டும் டேப் ஒட்டிவிட்டு விற்கும் ஜாக்கெட்டும் உண்டு.

ஆன்லைனில் வாங்கினால், வீட்டுக்குள் போட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் கடைகள் குளிர்காலச் சரக்கைத் தள்ளுபடியில் தள்ளும். துணியில் பெரிய மாற்றம் இல்லாத போன வருட மாடலை அப்போது வாங்குவதே புத்திசாலித்தனம்.

படி 9: துவைப்பது, பூச்சைப் புதுப்பிப்பது

ஜாக்கெட்டைத் துவைத்தால் கெட்டுவிடும் என்று நினைத்து வருடக்கணக்கில் தொங்கவிடுகிறார்கள். உண்மையில் துவைக்காமல் விட்டால்தான் கெடும். வியர்வை உப்பும் எண்ணெயும் பூச்சை மூடிவிடும், சவ்வையும் சீரழிக்கும். வாரம் மூன்று நாலு நாள் போட்டால் மாதம் ஒரு முறையாவது துவைக்க வேண்டும்.

ஸிப்பை மூடி, 30 டிகிரி நீரில், நிக்வாக்ஸ் அல்லது கிரேஞ்சர்ஸ் போன்ற, இதற்கென்றே உள்ள திரவத்தால் துவையுங்கள். துணி மென்மையாக்கும் கண்டிஷனர் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. மெஷினின் சோப்பு அறையில் பழைய பவுடர் ஒட்டியிருந்தால் அதையும் கழுவிவிடுங்கள். காய்ந்த பிறகு, லேபிள் அனுமதித்தால், டிரையரில் குறைந்த சூட்டில் 20 நிமிடம் போடுங்கள். தளர்ந்துபோன பூச்சு அந்தச் சூட்டில் மீண்டும் நிமிர்ந்துகொள்ளும்.

பிறகு தோளில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக உருண்டால் வேலை முடிந்தது. பரவினால் நீர்விரட்டி ஸ்ப்ரே வாங்கி, ஜாக்கெட்டை மீண்டும் நனைத்து, ஈரமாக இருக்கும்போதே வெளிப்புறம் மட்டும் அடியுங்கள். தோள், முன்கை, தலைமூடியின் மேற்பகுதிக்குக் கூடுதலாக அடிக்க வேண்டும். மழையை அதிகம் வாங்குவது அந்த இடங்கள்தான்.

சின்னக் கிழிசலுக்கு நைலான் ஒட்டுத்துணி போதும். மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டினால் உரியாது. டேப் ஓரிடத்தில் பிரிந்தால் தையல் பசை தடவலாம். உட்புறப் பூச்சு வெள்ளைச் செதிலாக உதிரத் தொடங்கினால் மட்டும் செய்வதற்கு ஒன்றுமில்லை, அது மழைக்கு இனி ஆகாது. அப்படி உதிராமல் இருக்க, ஓடி வந்ததும் ஈர ஜாக்கெட்டைப் பந்தாகச் சுருட்டிப் பைக்குள் விட்டுவைக்காதீர்கள். உட்புறத்தை வெளியே திருப்பி, ஹீட்டரிலிருந்து தள்ளி, ஹேங்கரில் மாட்டிக் காயவிடுங்கள்.